புது தெர்மோஸ்டாட் போட்டும் சூடு ஏறுகிறது

காடி (கார்) 1997 புரோட்டோன் வீரா 1.5, மேனுவல். இடம் பினாங்கு, ஆயர் ஈத்தாம். அப்பா ஓட்டியது, விற்க மனசு வரவில்லை.

மூன்று வாரமாகச் சூட்டு முள் பாதியைத் தாண்டுகிறது. பழைய தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியபடியே துருவேறி இறுகிப்போயிருந்தது. சரி, ஆள் அகப்பட்டான் என்று போன ஞாயிறு வீட்டு வாசலிலேயே புதிதை மாட்டினேன். 82 டிகிரி போட்டது. மாட்டும் முன் கொதிநீரில் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காகத் திறந்தது. (எடுத்தது சாம்பார் சட்டி, வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) ஸ்பிரிங் என்ஜின் பக்கம்தான் இருக்கிறது. கேஸ்கெட் புதிது, ஒழுகல் இல்லை.

இப்போதும் இருபது நிமிடத்தில் முள் ஏறிவிடுகிறது. ரேடியேட்டரின் மேல் ஓஸ் (ரப்பர் குழாய்) தொட முடியாத சூடு, கீழ் ஓஸ் ஜில்லென்று கிடக்கிறது. காற்றாடி தானாகச் சுற்றுவதில்லை. பேட்டரியில் நேராகக் கொடுத்தால் சுற்றுகிறது. என்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அரை மணி நேரம் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினேன். இரண்டு முறை. அப்புறம் பட்டறையில் கேட்டால், பார்க்காமலே எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள்.

உள்ளே இன்னும் காற்று நிற்கிறதா, ரேடியேட்டர் அடைப்பா, தண்ணீர் பம்ப் போய்விட்டதா: எதையும் கழற்றாமல் வீட்டிலேயே இதை எப்படிக் கண்டுபிடிப்பது?