கனடாவுக்கு ஒன்று, துபாய்க்கு ஒன்று: ரெஸ்யூமே வைத்துக்கொள்ளும் முறை

மார்த்தாண்டத்திலிருந்து டொராண்டோ வந்து இறங்கிய கையோடு ரெஸ்யூமே பற்றிக் கேட்ட தம்பிக்கும், பின்னால் வரப்போகும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மக்களே, நாகர்கோவில் டிடிபி கடையில் அடித்து வாங்கிய அந்த வேர்டு கோப்பை முதலில் மூடி வையுங்கள். அதில் என்ன இருக்கும் என்று தெரியும்: மூலையில் பாஸ்போர்ட் அளவுப் படம், தந்தை பெயர், மதம், திருமண விவரம், கடைசியில் "மேற்கண்டவை அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழி, இடம்: நாகர்கோவில், கையெழுத்துக்கு ஒரு கோடு. கனடா, அமெரிக்கா, பிரிட்டனில் இதில் எதுவும் வேண்டாம். வளைகுடாவில் கதை வேறு; குடியுரிமையும் விசா விவரமும் கேட்பார்கள், படமும் வழக்கம்தான். ஜெர்மனியில் படம் கட்டாயமில்லை, ஆனாலும் பலர் வைக்கிறார்கள்.

நாட்டுக்கு ஒரு கோப்பைத் தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருந்தால், ஒன்றில் பழைய தொலைபேசி எண் தங்கிவிடும். விவரத்தை ஓரிடத்திலும் தோற்றத்தை வேறிடத்திலும் வைப்பதே வழி. ஜேசன் ரெஸ்யூமே என்ற திறந்த வடிவம் இதற்கென்றே இருக்கிறது. பெயர், வேலை, படிப்பு, திறன், மொழி எல்லாம் ஒரே எழுத்துக் கோப்பில். அதற்கு மேல் விரும்பிய தீம், அதாவது தயாராகக் கிடைக்கும் பக்க வடிவமைப்பு. தீம் தருவது எச்டிஎம்எல் பக்கம், அதாவது உலாவியில் திறக்கும் வலைப்பக்கம். அதிலிருந்து பிடிஎஃப் எடுக்கலாம். எடுக்கும்போது தாள் அளவைப் பாருங்கள். நமக்குப் பழக்கம் ஏ4, 210 × 297 மில்லிமீட்டர். வட அமெரிக்காவில் லெட்டர், 216 × 279. உயரம் குறைவதால் கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும்.

வேர்டு கோப்பே வேண்டும் என்று ஆள்சேர்ப்பு முகவர்கள் கேட்பார்கள். தங்கள் நிறுவனப் பெயரும் சின்னமும் உள்ள முகப்பை மேலே ஒட்டி அனுப்பத்தான். அதற்கு பாண்டாக் போதும், ஒரு தத்துவப் பேராசிரியர் எழுதிய இலவச மென்பொருள். மார்க்டவுனில், அதாவது சில எளிய குறிகளோடு வெறும் எழுத்துக் கோப்பாக, எழுதியதை வேர்டு, எச்டிஎம்எல், பிடிஎஃப் என்று மாற்றித் தரும். எழுத்துருவும் இடைவெளியும் சரிசெய்த ஒரு மாதிரி வேர்டு கோப்பைக் காட்டினால் அதே தோற்றத்தில் வரும். பிடிஎஃப் எடுக்க மட்டும் லாடெக் போன்ற பக்கம் அமைக்கும் இன்னொரு மென்பொருளையும் நிறுவ வேண்டும்.

தீம் தேர்வில்தான் பலர் மயங்குகிறார்கள். செய்தித்தாள் போல நெடுக்காகப் பிரித்த இரண்டு பத்தி, திறனுக்கு ஐந்து நட்சத்திரம், பக்கவாட்டில் நீலப் பட்டை. பார்க்க அழகு, ஆனால் முதலில் படிப்பது பெரும்பாலும் விண்ணப்பங்களைப் பிரிக்கும் நிறுவன மென்பொருள். சோதனை எளிது: பிடிஎஃபைத் திறந்து முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வேலை பார்த்த ஆண்டுகளுக்கு நடுவே மின்னஞ்சல் முகவரி வந்து விழுந்தால் அந்த தீமைத் தலைமுழுகிவிடலாம். என் ஓட்டு எப்போதும் ஒற்றைப் பத்திக்கே.

குறுகிய பத்தியில் "மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்" மூன்று வரியாக உடையும். அதற்காக எம்எஸ்யு என்று சுருக்காதீர்கள். வட அமெரிக்காவில் அது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். தேதியில் 03/04/2021 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று குழம்புவார்கள். மாதத்தை எழுத்தில் காட்டும் தீம் நல்லது. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அங்கே தந்தை பெயர் விரித்து எழுதப்பட்டிருக்க, ரெஸ்யூமேயில் வெறும் இனிஷியல் மட்டும் இருந்தால், பின்னணிச் சரிபார்ப்பின்போது அதற்கென்று தனியாக விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.