பாரிஸில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி:
வணக்கம். அடுத்த மாதம் அம்மாவுடன் பாரிஸ் செல்கிறேன். திங்கள் இரவு போய்ச் சேர்ந்து, புதன் மாலை லண்டன் ரயிலைப் பிடிக்க வேண்டியிருப்பதால், முழுதாகக் கையில் இருப்பது செவ்வாய் ஒரு நாள்தான். காலையில் லூவ்ர் அருங்காட்சியகம், மதியம் ஓர்சே அருங்காட்சியகம், மாலையில் நோத்ர்தாம் பேராலயம், இருட்டிய பின் ஐஃபில் கோபுரம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு 68 வயது. சமதரையில் மெதுவாக நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். இது நடக்கக்கூடிய திட்டம்தானா?

பதில் 1:
லூவ்ர் செவ்வாய்க்கிழமைகளில் திறக்காது. மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள் உள்ள ஒரான்ஜெரி அருங்காட்சியகமும் அப்படியே. ஓர்சேக்குத் திங்கள்தான் விடுமுறை என்பதால், மற்ற இரண்டிலும் இடமில்லாத கூட்டமெல்லாம் அன்று அங்கே வந்து சேரும். காலை 9.30 மணிக்கே உள்ளே நுழையும்படி முன்பதிவு செய்துவிடுங்கள்.

1900-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம்தான் ஓர்சே; ரயில்கள் நீளமாகிக்கொண்டே போக, நடைமேடைகள் போதாமல் பயன் குறைந்து, 1986-இல் அருங்காட்சியகமானது. மின்தூக்கியில் நேராக ஐந்தாம் தளத்துக்குப் போனால் மோனே, ரெனுவார் எல்லாம் அங்கேதான். பழைய நிலையக் கடிகாரத்தின் கண்ணாடி வழியாக சேன் ஆறு தெரியும். பிறகு கீழ்த்தளத்தில் மில்லேயின் 1857-ஆம் ஆண்டு ஓவியத்தைத் தவறவிடாதீர்கள்: அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து சிந்திய கதிர்களைப் பொறுக்க, பின்னே கதிர்ப்போர்கள் உயர்ந்து நிற்க, தொலைவில் கண்காணி குதிரைமேல் இருப்பார். என் தாயார் அதன் முன்னேயே தம் ஊரில் கதிர் பொறுக்கிய கதையைத் தொடங்கிவிட்டார்; அரை மணி நேரம் நகரவில்லை.

பதில் 2:
ஓர்சேயின் அருகிலேயே படகுத் துறை இருக்கிறது. அங்கிருந்து பாத்தோபஸ் படகில் நோத்ர்தாம் போனால் அம்மாவின் கால்களுக்கு ஓய்வு கிடைக்கும். 2019 தீவிபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்தப் பேராலயத்துக்குள் செல்லக் கட்டணமில்லை. பக்கத்திலுள்ள செந்த் ஷாப்பெல் தேவாலயத்தின் பதின்மூன்றாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகள்தாம் எனக்கு அந்த நகரத்திலேயே மிகவும் பிடித்தவை. ஆயினும் மேல்தளத்துக்குக் குறுகிய சுழற்படியில் ஏறவேண்டும் என்பதால், மனமில்லாமல்தான் வேண்டாம் என்கிறேன். ஐஃபில் கோபுரத்தில் ஏறவும் வேண்டாம். இருட்டிய பின் ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் அது மினுமினுப்பதை எதிரே த்ரொக்கதேரோ மேடையிலிருந்து பார்த்தால் போதும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. புதன் காலை லூவ்ருக்குப் பெட்டிகளோடு போகலாமா?

பதில் 1:
பெரிய பெட்டிகளை உள்ளே விடமாட்டார்கள். விடுதியிலேயே வைத்துவிட்டு, 9 மணிக்குத் திறக்கும்போது போங்கள். அடையாள அட்டையைக் கொடுத்தால் சக்கர நாற்காலி இலவசமாகக் கிடைக்கும். நடக்க முடிகிறதே என்று தயங்க வேண்டாம், அந்தக் கூடங்களின் நீளம் இளையவர்களையே அயர வைக்கும். மோனா லிசா வெறும் 77 செ.மீ. உயரம்தான், கூட்டத்துக்கு நடுவே அம்மாவுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். அப்படியே திரும்பினால் எதிர்ச் சுவரில் வெரொனேசேயின் கல்யாண விருந்து ஓவியம், ஏறத்தாழ பத்து மீட்டர் அகலத்தில், நெரிசலின்றி இருக்கும். லண்டன் ரயில் புறப்படும் கார் து நோர் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் உணவகங்கள் பல உண்டு. மதியச் சோற்றை அங்கே முடித்துக்கொண்டு ரயிலேறலாம்.