பள்ளியில் குப்பை பிரிப்பது பற்றி உங்கள் அனுபவம் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே முன்வந்து குப்பையைப் பிரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசுகிறார்கள். ஒருபக்கம் எழுதிய தாள்களைத் தைத்து ரஃப் நோட்டு போடுகிறார்கள். பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்.

சிக்கல் மதிய இடைவேளையில்தான். காகிதத் தொட்டியில் யாராவது மிச்சச் சாப்பாட்டைக் கொட்டிவிட்டால் போச்சு, எண்ணெயும் ஈரமும் ஏறிய தாளை எடைக்கு எடுப்பவர் தொடுவதே இல்லை. எண்ணெய் கலந்தால் காகிதக் கூழே கெட்டுவிடும் என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஜூஸ் பெட்டி இன்னொரு தலைவலி. வெளியே அட்டை, உள்ளே பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். அதை எங்கே போடுவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

உங்கள் பள்ளியில் தொட்டிகளை எங்கே வைத்தீர்கள்? வகுப்பறையிலா, சாப்பிடும் இடத்திலா? சின்னக் குழந்தைகளுக்கு எழுத்தைவிடப் படம் ஒட்டினால் எடுபடுகிறதா? சாப்பாட்டு மிச்சத்தை உரமாக்கியவர்கள், நாற்றம் வராமலிருக்கக் காய்ந்த இலை எவ்வளவு சேர்த்தீர்கள் என்றும் சொல்லுங்கள். அபராதம், தண்டனை மட்டும் வேண்டாம். பிள்ளைகளின் ஆர்வம் போய்விடும். படங்கள் இருந்தால் போடுங்கள், நாளைக்கே அவர்களிடம் காட்டுகிறேன்.