புதுப்பிப்பு: ரோகு முட்டை இந்த முறை பொரிந்துவிட்டது

போன மாதம் எங்கள் ரோகு கெண்டை மீனின் முட்டைகள் எல்லாம் வெளுத்துப் பாழானதை எழுதியிருந்தேன். வயிறு தொட்டால் மெத்தென்று இருக்கும், அதாவது முட்டை முதிர்ந்த தாய்மீனுக்கு மட்டும் முட்டையிடத் தூண்டும் ஊசி போடச் சொன்னீர்கள். அதேதான், போன முறை முதிரும் முன்பே போட்டு அவசரப்பட்டிருக்கிறேன்.

இந்த முறை நல்ல மழைக்கு அப்புறம் சாயங்காலம் ஊசி போட்டோம். ஓவாப்ரிம் என்ற ஹார்மோன் மருந்து, பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.4 மில்லி, ஆணுக்கு 0.2. ராத்திரி ஹாப்பாவுக்குள் (தண்ணீரில் கட்டிய வலைத்தொட்டி) மீன்கள் துள்ளிய சத்தம் கேட்டு உடம்பே சிலிர்த்தது. விடியலில் முட்டைகள் கண்ணாடி மணியாகத் தெளிந்திருந்தன. 28 டிகிரி தண்ணீரில் 16 மணி நேரத்தில் பொரிந்தன. 1957இல் மீன் விஞ்ஞானி ஹீராலால் சவுத்ரி, மீனின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஏற்றி இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தாரே, அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

குஞ்சுகளின் வயிற்றில் இருக்கும் மஞ்சள்கரு தீர மூன்று நாள் ஆகும், அதுவரை தீனி இல்லை. நாளை, குஞ்சுகளை விடப்போகும் நாற்றங்கால் குளத்தில் சோப்பு எண்ணெய்க் கரைசல் தெளித்து நீர்ப்பூச்சிகளை ஒழிக்க வேண்டும்.