'வெதர் ஹெல்ம்' – தமிழில் என்ன சொல்லலாம்?

> ஃபோக்போட் என்ற பாய்ப்படகு பற்றிய கட்டுரை முக்கால்வாசி முடிந்தது. 'வெதர் ஹெல்ம்' மட்டும் இடிக்கிறது. 'வானிலைச் சுக்கான்' என்று போட்டுவிடலாமா?

ஐயா, வணக்கம்.

'வானிலைச் சுக்கான்' வேண்டாமே. படிப்பவர் ஏதோ மழை வந்தால் தானே திரும்புகிற சுக்கான் என்று நினைத்துக்கொள்வார். மாலுமிகள் பேச்சில் 'வெதர்' என்பது காற்று வரும் பக்கம், அவ்வளவுதான். சுக்கானின் கைப்பிடியை அந்தப் பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது. ஓட்டுபவர் கை எங்கே இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. படகு என்ன செய்யப் பார்க்கிறது என்று சொல்லவில்லை. நமக்கு வேண்டியது, காற்று வரும் பக்கமாகத் தானே திரும்பப் பார்க்கும் படகின் குணத்துக்கு ஒரு பெயர்.

உங்கள் ஃபோக்போட்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்காண்டிநேவியப் பாய்ப்படகுச் சங்கம் நடத்திய வடிவமைப்புப் போட்டியில் வந்த சில வரைபடங்களின் நல்ல அம்சங்களைச் சேர்த்து டோர்ட் சுண்டேன் வரைந்தது. முதல் படகு 1942இல் நீரில் இறங்கியது. நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.20. ஏறத்தாழ 1.9 டன் எடையில் பாதிக்கு மேல் அடியில் இருக்கும் இரும்புப் பாரம். பாய்ப்பரப்பு 24 சதுர மீட்டர். அதில் பெரும்பங்கு பாய்மரத்துக்குப் பின்னால் இருக்கும் பெரும்பாய்தான், முன்பாய் சிறியது. இந்தக் கடைசிச் செய்திதான் நம் சொல்லுக்கு முக்கியம்.

பாயின் மேல் விழும் காற்றின் விசை ஒரு புள்ளியில் குவிவதாகக் கொள்ளலாம். நீருக்குள் இருக்கும் ஏராக்கட்டையும் (படகின் அடியில் நீளவாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) சுக்கானும் பக்கவாட்டில் தரும் தடைக்கும் அப்படி ஒரு புள்ளி உண்டு. பாயின் புள்ளி பின்னால் தள்ளிப் போனால் காற்று படகின் பின்பகுதியை அழுத்தும். அணியம், அதாவது முன்முனை, காற்றை நோக்கித் திரும்பும். இது பாதிக் கதை. மீதி சாய்வில் இருக்கிறது. திடீரென்று ஒரு வீச்சுக் காற்று அடிக்கும்போது படகு சாய்கிறது, பாய் நீருக்கு மேலே வெளிப்பக்கமாகப் போய்விடுகிறது. முன்னே தள்ளும் விசை அங்கே, பின்னே இழுக்கும் நீரின் தடை இங்கே, உடலோடு. இரண்டும் ஒரே கோட்டில் இல்லாததால் படகு காற்றுப் பக்கம் சுழலும். கைப்பிடி திடீரென்று கனத்து, முழங்கையை இழுக்கும். காற்று கூடக் கூட இந்தக் குணமும் கூடுவது இதனால்தான்.

ஆகவே இதைக் 'கோளாறு' என்று காட்டும் சொல்லும் கூடாது. கையை விட்டால் படகு தானே காற்றுக்கு எதிராகத் திரும்பி, பாய் படபடத்து, வேகம் குறைந்து நிற்கும். பாதுகாப்பான குணம். சுக்கான் சில பாகை திரும்பியிருப்பது நல்லதும்கூட; ஏராக்கட்டையோடு சேர்ந்து அதுவும் படகு பக்கவாட்டில் நழுவாமல் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால்தான் சுக்கானே பிரேக் ஆகிவிடும். அப்போது பெரும்பாயின் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், அல்லது பாயைச் சுருக்க வேண்டும். முன்பாயை இறக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எனக்குத் தோன்றியவற்றில் 'காற்றேற்றம்' சைக்கிள் டியூபை நினைவூட்டுகிறது. 'காற்றீர்ப்பு' காற்றுதான் படகை இழுக்கிறது என்று பொருள் தரும், தவறு. பள்ளிப் புவியியலில் மலைக்கு 'காற்று மோதும் பக்கம்', 'காற்று மறைவுப் பக்கம்' என்று ஏற்கனவே இருக்கிறது. அதை ஒட்டி காற்றுமுக நாட்டம் என்று வைக்கலாம். எதிர்க்குணமான 'லீ ஹெல்ம்' அப்போது காற்றுமறை நாட்டம். சோடியாக அமைகிறது.

---

> சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீளம். 'முகநாட்டம்', 'மறைநாட்டம்' போதாதா? அப்புறம், ஹாஸ்லர் பற்றிய பத்தியில் இது எப்படி உட்காரும்?

முகநாட்டம் தனியாக நின்றால் கல்யாணத் தரகர் பேச்சு மாதிரி இருக்கிறது, ஐயா. முதல் முறை முழுச் சொல்லையும் எழுதிவிட்டு, பிறகு வெறும் 'நாட்டம்' என்றே எழுதுங்கள். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

ஹாஸ்லர் பத்திக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

"1960இல் அட்லாண்டிக்கைத் தனியாளாகக் கடக்கும் முதல் போட்டியில் பிளாண்டி ஹாஸ்லர் 'ஜெஸ்டர்' என்ற மாற்றியமைத்த ஃபோக்போட்டில் கிளம்பி, 48 நாளில் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். சீனப் பாணிப் பாய் ஒன்றும், காற்றைப் பார்த்துத் தானே சுக்கானைத் திருப்பும் தகடும் அதில் இருந்தன. அப்படிப்பட்ட தகட்டின் விசை குறைவு. காற்றுமுக நாட்டம் மிகுந்த படகை அது கட்டி ஆள முடியாது."

கடைசி வாக்கியத்தில் சொல் இயல்பாக உட்காருகிறது என்று நினைக்கிறேன். 'நாட்டம் மிகுந்த', 'நாட்டம் குறைந்த', 'நாட்டமற்ற' என்று அடைமொழியாகவும் நீட்டலாம். 'வானிலைச் சுக்கான்' வைத்து இதைச் செய்ய முடியாது.

---

> சரி, காற்றுமுக நாட்டம் என்றே வைக்கிறேன். 'ஹல் ஸ்பீடு' அடுத்தது. 'கூட்டு வேகம்' என்று எழுதியிருக்கிறேன்.

'கூட்டு' என்றால் சேர்ந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இது படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்ளும் வேகம். நீர்க்கோட்டின், அதாவது படகு நீர்மட்டத்தில் படும் பகுதியின், நீளம்தான் அதைத் தீர்மானிக்கிறது. ஃபோக்போட்டுக்கு 6 மீட்டர், ஆகவே ஏறத்தாழ 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்). அதனால் 'அலைவரம்பு வேகம்' என்று முன்மொழிகிறேன். கடல் பொறியியல் படித்தவர்கள் குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.