தேதி தாண்டியாச்சு, வலி வரலை: ஜெல் வைத்துக்கொள்வதா, காத்திருப்பதா?

வளவுப்பெண் (வியாழன் காலை)
தலைப்பிரசவம். தேவகோட்டையில் ஆத்தா வீட்டில் இருக்கிறேன். கடைசியாகத் தலைக்குக் குளித்த கணக்குப்படி இன்று 40 வாரம் 4 நாள். சூட்டு வலிகூட இல்லை. ஆயா (ஆத்தாவைப் பெற்ற பாட்டி) போட்டுத் தரும் சீரகக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, சாயங்காலம் வளவு முற்றத்தைச் சுற்றி நாற்பது சுற்று நடக்கிறேன். எந்த ஆத்தங்குடிக் கல்லில் விரிசல் என்பது வரை மனப்பாடம்.

டாக்டர் திங்கட்கிழமை அட்மிட் ஆகச் சொல்கிறார், கர்ப்பவாயை இளக்கும் ஜெல் வைத்து வலி வர வைக்கலாமாம். ஆயாவோ, “எட்டையும் இந்த இரண்டாங்கட்டில்தான் பெத்தேன், ஒண்ணுக்கும் ஊசி இல்லை, வர்ற நேரத்துக்கு வரும்” என்கிறார். போகவா, இருக்கவா?

பள்ளத்தூர்க்காரி
ஏத்தா, அவசரப்படாதே. எனக்கு 40 வாரம் 2 நாளில் ஜெல் வைத்தார்கள். ஒன்றுக்கு இரண்டு முறை. அப்புறம் குளுக்கோஸில் மருந்து. 26 மணி நேரம் கத்தினேன்; கர்ப்பவாய் நாலு செண்டிமீட்டர் திறந்ததோடு நின்றுவிட்டது. கடைசியில் ஆபரேஷன்தான். கர்ப்பவாய் கல் மாதிரி இருந்ததைப் பார்த்த பிறகும் ஏன் வைத்தார்கள் என்று இன்று வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் ஆபரேஷன் என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. அதில் நீயும் ஒன்றாகாதே.

லேபர்வார்டு_ஓய்வு
காரைக்குடிப் பக்கம் முப்பது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். மேலே எழுதிய தங்கச்சி பட்டது உண்மை, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த 44.9-ல் முதல் பிள்ளை ஆபரேஷன் என்பதால் இரண்டாவதும் ஆபரேஷன் ஆனவர்கள், நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ஜெல் வைத்ததால் வந்த கணக்கு இல்லை அது.

நாள் தாண்டினால் நஞ்சுக்கொடி தளரும், பனிக்குடத் தண்ணீர் குறையும், பிள்ளை உள்ளேயே மலம் கழிக்கும் வாய்ப்பு கூடும். நிறையப் பேருக்கு ஒன்றும் ஆகாது. ஆகிறவர்களுக்கு அது திரும்பி வராத இழப்பு. ஸ்வீடனில் 2,760 பெண்களை வைத்து, 41 வாரத்தில் வலி வர வைப்பதா, 42 வரை காத்திருப்பதா என்று பார்த்தார்கள். 2019-ல் வெளிவந்தது. காத்திருந்த பக்கம் 6 குழந்தைகள் இறந்தன, மற்ற பக்கம் ஒன்றும் இல்லை. ஆராய்ச்சியையே பாதியில் நிறுத்தினார்கள். ஆபரேஷன் அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். 41 வாரம் நிச்சயமாக முடிந்தால் வலி வர வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

அப்புறம், ஆயா எட்டுப் பெற்றார் சரி. எத்தனை தங்கியது என்று கேட்டீர்களா?

குன்றக்குடியான்
திங்கட்கிழமை நட்சத்திரம் சரியில்லை. புதன் வரை தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரி
அண்ணே, பிள்ளைக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாது.

நர்ஸ் அக்கா, ஸ்வீடன் கதை சரி. அங்கே வலி எடுக்கும் பெண்ணோடு ஆள் இருப்பார்கள். நான் படுத்த அறையில் ஆறு கட்டில், ஒரு நர்ஸ். இரவு பதினொன்றுக்கு “இன்னும் ஆகலை, படு” என்று சொல்லிவிட்டுப் போனவர் விடிந்துதான் வந்தார். மருந்து ஒன்றாக இருக்கலாம், கவனிப்பு ஒன்றா? அந்த எண்களை அப்படியே இங்கே ஒட்டாதீர்கள்.

லேபர்வார்டு_ஓய்வு
அதை ஒத்துக்கொள்கிறேன். நானும் அப்படி ஒற்றை ஆளாக நின்ற ராத்திரிகள் உண்டு.

ஆனால் கவனிப்பு சரியில்லை என்றால் நல்ல கவனிப்பு கேட்க வேண்டும், காத்திருப்பதை நீட்டக் கூடாது. உள்ளே போய்ப் பார்க்கும்போது டாக்டர் ஐந்து விஷயத்தைத் தொட்டுப் பார்ப்பார்: கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கு, எவ்வளவு மெலிந்திருக்கு, மெதுவா கெட்டியா, எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, தலை எவ்வளவு இறங்கியிருக்கு. இதற்கு மதிப்பெண் உண்டு, பிஷப் ஸ்கோர் என்பார்கள். அது குறைவாக இருந்தால் நேரே குளுக்கோஸில் மருந்து ஏற்றாமல், முதலில் வாயை இளக்க வேண்டும். ஜெல், அல்லது பலூன் வைத்த ஃபோலி குழாய். பள்ளத்தூர்த் தங்கச்சிக்கு இரண்டு ஜெல்லுக்கும் இளகவில்லை. பிள்ளைத் துடிப்பு நன்றாக இருந்திருந்தால் ஒரு நாள் விட்டுப் பார்த்திருக்கலாமோ என்னவோ. உங்கள் ஸ்கோர் என்ன என்று கேளுங்கள், எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. உங்களுக்கு மாதம் 28 நாளில் சரியாக வருமா? முதல் ஸ்கேன் எப்போது எடுத்தது?

வளவுப்பெண் (வியாழன் மாலை)
இரண்டு பதில். ஆயாவிடம் கேட்டேன். பட்டாலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, “இருக்கறது ஆறு” என்றார். எட்டு எட்டு என்றே கேட்டு வளர்ந்தவள் நான். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு மாதம் 35 நாள், சில சமயம் 38. முதல் ஸ்கேன் சென்னையில் எடுத்தது. இந்த டாக்டரிடம் காட்டிய ஃபைலில் அது இல்லை, பீரோவில் என் வீட்டுக்காரர் பட்டுவேட்டிக்கு அடியில் கிடந்தது. அன்று கணக்குப்படி 9 வாரம் 5 நாள். ஸ்கேனில் 8 வாரம் 4 நாள் என்று இருக்கிறது.

லேபர்வார்டு_ஓய்வு
எட்டு நாள் வித்தியாசம்! சென்னைப் படத்தைப் பீரோவில் வைத்துவிட்டா இவ்வளவு நேரம் சண்டை போட வைத்தீர்கள். ஆரம்ப ஸ்கேன் அளவுதான் நம்பகமானது, கடைசி மாத ஸ்கேன் வைத்து நாள் போட முடியாது. அதன்படி இன்று உங்களுக்கு 39 வாரம் 3 நாள். திங்கட்கிழமைதான் நாற்பது வாரமே முடியும். நாளைக்கே அந்தப் படத்தோடு போங்கள். போகும் வரை அசைவை எண்ணுங்கள்: சாப்பிட்டு இடதுபக்கம் சாய்ந்து படுத்தால் இரண்டு மணி நேரத்தில் பத்து வர வேண்டும். குறைந்தால் இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

பள்ளத்தூர்க்காரி
ஆக, போகாதே என்று நான் முதலிலேயே சொன்னது சரி.

லேபர்வார்டு_ஓய்வு
நீங்கள் சொன்ன காரணத்துக்காக இல்லை.

குன்றக்குடியான்
புதனே நல்ல நாள் என்றேனே.

வளவுப்பெண் (சனி)
டாக்டர் படத்தை இரண்டு முறை பார்த்தார், “இதை முதல்லயே கொண்டுவரக் கூடாதா” என்று லேசாகக் கோபித்தார். தேதியைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினார். இதயத் துடிப்பு சரி, தண்ணீர் அளவு சரி. பிஷப் ஸ்கோர் கேட்டேன்: 3, குறைவுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் துடிப்பும் தண்ணீரும் பார்க்க வேண்டும்; எல்லாம் சரியாக இருந்தால் திருத்திய கணக்கில் 41 வாரம் வரை பொறுக்கலாம், அதற்கு மேல் ஜெல் என்று சொல்லிவிட்டார். நானும் சரி என்றுவிட்டேன்.

விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று ஆயா கேட்கச் சொன்னார். வேண்டாம், வயிற்றுப்போக்குதான் வரும் என்றார் டாக்டர். ஆயாவுக்கு அது பிடிக்கவில்லை. கட்டைப்பை கட்டி முகப்பில் வைத்தபடி இருக்கிறது. நான் இப்போது நடக்கப் போகிறேன்.