பார்வையற்ற சித்திக்குத் தொட்டுணரும் வாழ்த்து அட்டை: எங்கே தவறினேன்?

கேட்பவர்: நூல்கண்டு

என் சித்திக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. போன பிறந்தநாளுக்கு நானே அட்டை செய்து கொடுத்தேன். கம்பளித் துணியில் வெட்டிய ரோஜா, சுற்றிலும் ஜிகினாத்தூள், கீழே வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்து பிரெய்லில் "சித்தி". விரலை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இலையாடா இது?" என்று கேட்டார். எழுத்தையும் படிக்க முடியவில்லை. காய்ந்தபோது புள்ளிகள் பாதி அமுங்கிவிட்டன. ச, இ, த, த, இ என்று அட்டவணையைப் பார்த்துத்தான் வைத்தேன், தெளிவாகத் தெரியட்டும் என்று பெரிதாகவே. இன்னும் இரண்டு வாரத்தில் அடுத்த பிறந்தநாள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: ஆறுபுள்ளி

பெரிதாக வைத்ததுதான் சிக்கல். பிரெய்லில் ஓர் எழுத்துக்கான இடத்தைக் கட்டம் என்போம்; அதன் ஆறு புள்ளிகளும் விரல் நுனிக்குள் ஒரே நேரத்தில் அடங்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி 2.5 மி.மீ., கட்டத்துக்குக் கட்டம் 6 மி.மீ., உயரம் அரை மி.மீ. போதும். அதைவிடப் பெரிதானால் தனித்தனிக் குமிழாகத்தான் படும், எழுத்தாகச் சேராது. வெள்ளைப் பசையில் இருக்கும் நீர் வற்றினால் சொட்டு தட்டையாகிவிடும், அதனால்தான் அமுங்கியது.

பிரெய்ல் ஸ்லேட்டும் (தாளைப் பிடிக்கும், கட்டங்கள் உள்ள சட்டம்) குத்தும் ஊசியும் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். தாளின் பின்பக்கம் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். சாதாரணத் தாள் கிழியும், 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) தடித்த தாளாக எடுங்கள்.

அப்புறம், உங்கள் எழுத்தில் 'த்' மேலுள்ள புள்ளி விடுபட்டிருக்கிறது. தமிழ் பிரெய்லில் மெய்யெழுத்தின் புள்ளி அந்த எழுத்துக்கு *முன்னால்* வரும், அது தனிக் கட்டம் (4ஆம் புள்ளி, அதாவது படிக்கும்போது வலப்பக்க மேல்புள்ளி மட்டும்). ச, இ, புள்ளி, த, த, இ: மொத்தம் ஆறு கட்டம். நீங்கள் வைத்தது "சிததி".

பதில்: விரல்நுனி

எனக்கும் பிறவியிலிருந்தே பார்வை இல்லை, அதனால் சொல்கிறேன். ரோஜாவின் வெளிக்கோடு கண்ணுக்கு ரோஜா. என் விரலுக்கு நெளிந்த வட்டம். நான் அறிந்த ரோஜா அடுக்கடுக்கான இதழும் காம்பின் முள்ளும்தான். படத்தை மேடாக்கித் தருவதை விட்டுவிட்டு, சித்தி கையால் அறிந்த பொருளையே வையுங்கள். அவர் தினமும் கையில் எடுப்பது எது?

ஜிகினாத்தூள் வேண்டவே வேண்டாம். உதிர்ந்த ஒவ்வொரு துகளும் எனக்கு ஒரு பிரெய்ல் புள்ளி. சொரசொரப்பான எதையும் எழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள், விரல் மரத்துப்போகும். மேல் வலது மூலையைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் எது மேல்பக்கம் என்று எடுத்ததுமே தெரியும்.

நூல்கண்டு

தையல்! என் பாவாடைக்கெல்லாம் ஓரம் மடித்துத் தைத்தது அவர்தான். அட்டையில் ஒரு சின்னத் துணிப்பை தைத்து, பொத்தான் வைத்து, அவிழ்த்தால் உள்ளே பிரெய்ல் சீட்டு இருந்தால்?

விரல்நுனி

அருமை. அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள். சீட்டைப் பையில் தளர்வாகப் போடுங்கள், ஒட்டி அழுத்தினால் புள்ளி அமுங்கும்.

நூல்கண்டு (இரண்டு வாரம் கழித்து)

கொடுத்துவிட்டேன். வெட்டிய மூலையைத் தடவி அட்டையை நேராகத் திருப்பினார். பொத்தானைத் தொட்டதும் கை நின்றது. அவிழ்த்துச் சீட்டை எடுத்து, ஒரே ஓட்டத்தில் "சித்தி" என்று வாய்விட்டுப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு பொத்தான் துளையின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்து, "காஜா நீயே எடுத்தியா? இந்தப் பக்கம் நூல் தளர்ந்திருக்கு, ஊசியைக் கொண்டா" என்றார்.